ஊர் கேட்காத கூட்டம்

அப்பா குடியை விடுவதற்குக் கூட்டம் தேடி அலைந்த மாதத்தில் எனக்கு ஒன்பது வயது. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் கூட்டம். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் போதும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாவுக்கு ஊசியே மேல் என்று தோன்றியிருக்க வேண்டும். நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போனார்.

"இந்த மாசத்துக்குள்ள ஏதாவது ஒரு கூட்டத்துல போயி உக்காருங்க. இல்லேன்னா நான் புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் அம்மா. சும்மா மிரட்டவில்லை. என் பாடப் புத்தகங்களைக்கூட எடுத்துக் கட்டிவைத்துவிட்டாள். எனக்கோ அப்பாவை விட்டுவிட்டு எங்கேயும் போகப் பிடிக்கவில்லை.

வழியில் அப்பா ஒயின்ஷாப் பக்கம் திரும்பாமலிருக்க என்னைக் காவலுக்கு அனுப்பினாள். குடும்பத்தாரும் வரலாம் என்று சொன்ன கூட்டங்களாகப் பார்த்து அவளே விசாரித்து வைத்திருந்தாள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு புதுக்கோட்டை. வல்லத்திராக்கோட்டையில் பஸ் ஏறியதிலிருந்து அப்பா ஓரிடத்தில் இருக்கவில்லை. சீட் மாறினார், ஜன்னலை ஏற்றினார், இறக்கினார், இறங்கிவிடுவோமா என்று என்னிடமே இரண்டு தடவை யோசனை கேட்டார். நான் அவர் சட்டை நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பெயரோ ஊரோ கேட்கக் கூடாது என்று அங்கே சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இதைவிடக் கஷ்டமான சட்டம் இருக்க முடியாது. ஒரு மனிதரை ஊர் கேட்காமல் அவர் பக்கத்தில் எப்படி உட்காருவது?

"தம்பிக்கு எந்தூருங்க?" என்றார் அடுத்த நாற்காலிக்காரர், அப்பாவிடம் ரகசியமாக.

"வல்லத்திராக்கோட்டைப் பக்கங்க."

"பக்கம்னா?"

மூன்றாவது கேள்வியில் அவர், என் அம்மாவின் சித்தி மருமகனுக்குப் பங்காளி என்று தெரிந்துபோயிற்று. நான்காவது கேள்விக்கு அப்பா அங்கே இல்லை. "இதுக்கு நம்ம ஊரு டீக்கடையில மைக் போட்டே சொல்லிரலாம்" என்று முணுமுணுத்தபடி பஸ் ஸ்டாண்டை நோக்கி வேகமாக நடந்தார்.

அடுத்த வாரம் ஆலங்குடி. சர்ச்சை ஒட்டிய அறை. யாரும் ஊர் கேட்கவில்லை. டீ கொடுத்தார்கள். அப்பா முழு டம்ளர் டீயையும் குடித்து முடித்தார், எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போதுதான் உள்ளே வந்தவரைப் பார்த்தேன். எங்கள் டீச்சரைத் தினமும் பைக்கில் கொண்டுவந்து பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும் அவர் வீட்டுக்காரர். எழுந்து நின்று, பள்ளியில் பழக்கியபடியே உரக்க, "வணக்கம் சார்!" என்றேன். அவர் முகம் வெளிறியது. அப்பா முகமும்தான். ஆளுக்கொரு வாசலாக வெளியேறினார்கள். "பேசாம இருந்திருக்கலாம்ல ஆத்தா" என்பதற்கு மேல் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பாக்கி. தெரிந்த முகமே இருக்காது என்று ஆலங்குடியில் பஸ் மாறி அறந்தாங்கி வரை போனோம். அங்கே ஒரு மாடி அறையில் பத்துப் பதினைந்து பேர். அப்பாவின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அங்கேயும் சுவரில் அதே சட்டம். அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த பெரியவர் என் பக்கம் குனிந்து, "பாப்பாவுக்கு எந்தூரு?" என்றார்.

இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன்.

"திருச்சிங்க தாத்தா. எங்கப்பா பேங்க்ல வேலை பாக்குறாங்க. இங்க ஒரு கல்யாணத்துக்கு வந்தோம்."

தடுமாறவே இல்லை. அப்பா குடித்துவிட்டுப் படுத்துக் கிடக்கும் நாட்களில் தேங்காய் லோடு முதலாளி போன் செய்தால், எடுத்துக் 'காய்ச்சல்' என்று சொல்வது நான்தான். அந்தப் பழக்கம் கைகொடுத்தது. பெருமையோடு அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முழங்கால் ஆட்டம் நின்றிருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் என்னைப் பார்த்ததே இல்லை.

அவர் முறை வரும்வரை காத்திருக்கவில்லை. எழுந்துவிட்டார்.

"பாப்பா சொன்னது பொய்யிங்க. நான் பேங்க்ல இல்ல, லோடு வண்டி ஓட்டுறேன்." யாரும் கேட்காமலே எங்கள் ஊரைச் சொன்னார், தெருவைச் சொன்னார், தாத்தா பெயரைச் சொன்னார். "நான் குடிகாரன்" என்றார்.

பெரியவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அந்தத் தெருவா? அங்கிட்டு எங்க சம்பந்தி வீடு இருக்கே!" என்று ஆரம்பித்துவிட்டார். அப்பாவை இழுத்துக்கொண்டு ஓட நான் எழுந்துவிட்டேன். அப்பா ஓடவில்லை. நின்றபடியே, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் நான் அவரோடு பேசவில்லை. எத்தனையோ பொய் சொன்ன மனிதர், தேவையான நேரத்தில் நான் எடுத்துக் கொடுத்த நல்ல பொய்யைப் போய் இப்படிக் கெடுத்துவிட்டாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இனி இந்தக் கூட்டமும் போச்சு, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பப் போகிறாள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு காலையில் அப்பா குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். அதே அறந்தாங்கிக்குத்தான். நானும் ஓடிப்போய்ச் செருப்பைப் போட்டேன். "பாப்பா வேணாம். நான் மட்டும் போயிட்டு வாரேன்" என்றார். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. பஸ் கண்ணுக்கு மறையும்வரை ரோட்டில் நின்று அழுதேன். நான் சொன்ன பொய் சரியில்லை, அந்தக் கோபத்தில்தான் அப்பா என்னை விட்டுவிட்டுப் போகிறார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.