உன் மண்டையைத்தான் ஃபார்மேட் பண்ணணும்

வெற்றிச்செல்வனுக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அவனுடைய உயிர் நண்பன் அருள்முருகன் அவனை 'வாங்க' என்று கூப்பிட்டுவிட்டான்.

வெற்றிக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பில் போடும் வேலை. வாரம் முழுக்கக் குடமும் பக்கெட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளே வேறு. பிரெஞ்சு பென்ஷன்காரர் மிசியே கிளமான் ஒழித்துக் கொடுத்த மாடியில் லினக்ஸ் கூட்டம் நடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்கிற மென்பொருளைத் தமிழுக்குக் கொண்டுவருகிற கூட்டம். கூலி கிடையாது, டீ உண்டு. மற்ற நாள் பேச்செல்லாம் மின்னஞ்சல் குழுவில். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

வினை அந்தக் குழுவில்தான் ஆரம்பித்தது. சுமலதா என்ற கல்லூரிப் பெண் புதிதாகச் சேர்ந்து ஒரு சந்தேகம் கேட்டாள். நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? இதுகூடத் தெரியாமல் ஏன் வந்தாய் என்று ஆளாளுக்கு ஏறி மிதித்தார்கள். அதோடு அவளைக் காணோம். வெற்றிக்கு மனசு பொறுக்கவில்லை. வெளிநாட்டுக் குழுக்களில் இருப்பதுபோல நமக்கும் ஒரு நடத்தை நெறிமுறை வேண்டும் என்று கிளப்பினான். அப்படியா, நீயே எழுது என்று அவன் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

எழுதினான். புதியவரைக் கேலி செய்யக் கூடாது, ஆளைத் திட்டக் கூடாது. நல்ல விஷயம்தான், யார் இல்லையென்றது? 'இப்படி எழுதக் கூடாது' என்பதற்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. சட்டென்று ஞாபகத்துக்கு வந்த ஒரு பழைய வரியைப் போட்டான்: 'டேய் மண்ணாங்கட்டி, கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு, உன் மண்டையைத்தான் ஃபார்மேட் பண்ணணும்.' எழுதியவன் பேரைப் போடவில்லை. கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள், அருள்முருகனும் தூக்கினான். சேதி கேட்டு சுமலதா திரும்பி வந்தாள். வெற்றிக்கு ஒரே பெருமை.

அன்றைக்கு மாடிப்படி இறங்கும்போது அருள் சொன்னான்: "வண்டிய எடுக்கறேன், வாங்க."

வெற்றி சிரித்தான். அருள் சிரிக்கவில்லை. காலாப்பட்டிலிருக்கும் தன் வீட்டுக்குப் போகிற வழியில் வெற்றியைப் பிள்ளைச்சாவடியில் வழக்கம்போல இறக்கிவிட்டு, "பாத்துப் போங்க" என்றான்.

அடுத்த வாரமும் அதே கூத்து. கோபமா? கோபமென்றால் வண்டியில் ஏன் ஏற்றுகிறான்? நெறிமுறையை மதிக்கிறானா? நெறிமுறை குழுவுக்குத்தானே, ஈசிஆர் ரோட்டுக்கு எதற்கு? கிண்டல் என்றால் இத்தனை நாளில் அவனுக்கே சலித்திருக்குமே! "டேய்" என்று சீண்டிப் பார்த்தான். "சொல்லுங்க" என்றான் அருள். அடச்சே!

கடைசியில் சுமலதாதான் கேட்டாள். "அண்ணா, உங்களுக்குள்ள சண்டையா?"

"அதெல்லாம் இல்லம்மா. அவன் நெறிமுறைப்படி பேசறான்."

"என்னைய வாம்மான்னுதானே கூப்புடறாரு. உங்கள மட்டும் ஏன் வாங்க போங்கறாரு?"

அன்று பிள்ளைச்சாவடியில் வண்டி நின்றதும் வெற்றி இறங்கவில்லை.

"இன்னா கோவம்னு சொல்லு. அப்பதான் எறங்குவேன்."

"கோவம்லாம் இல்லீங்க." அருள் திரும்பாமலே பேசினான். "அஞ்சு வருஷமா உங்கள நோவடிச்சிட்டு இருந்திருக்கேன். எனக்குத் தெரியவே இல்ல. நீங்க எல்லார் முன்னாடியும் எழுதிப் போட்டப்புறம்தான் தெரிஞ்சிது."

அந்த மண்ணாங்கட்டி வரி அருள் எழுதியது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் லினக்ஸ் ஏற்றிப் பார்க்கிறேன் பேர்வழி என்று வெற்றி கம்பெனி கம்ப்யூட்டரில் இருந்த அத்தனையையும் அழித்துவிட்டான். வேலை போகிற நிலைமை. குழுவில் கதறினான். அருளிடமிருந்து அந்த ஒரு வரிதான் வந்தது. பின்னாலேயே லீவு போட்டுவிட்டு ஆளும் வந்தான். சாயங்காலம்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அத்தனை பில்லையும் மீட்டுக் கொடுத்தான். முன்பின் முகம் பார்த்திராதவன். அன்றிலிருந்து அந்த வரியை வெற்றி சொல்லிச் சிரிக்காத ஆள் பாக்கியில்லை.

"ஐயோ, எனக்கு ரொம்பப் புடிச்சது டா அது!" என்றான் வெற்றி. "அதனாலதான் மொதல்ல ஞாபகம் வந்துது."

"புடிச்சதுன்னா எதுக்குங்க 'கூடாது' பக்கம் போட்டீங்க?"



"தெரியல டா. சத்தியமாத் தெரியல." வெற்றி அருளின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான்.

அருள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான்.

"மண்ணாங்கட்டி," என்றான். "எறங்கித் தொலை. எனக்கு நேரமாவுது."

வெற்றி இறங்கினான். வண்டி போன பிறகும் ரோட்டோரத்தில் நின்று பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான். மறுநாள் முதல் வேலையாக அந்த வரியை நீக்கினான். அதற்குப் பதில் எதைப் போடுவது என்று மட்டும் விளங்கவில்லை. 'இப்படி எழுதக் கூடாது' என்பதற்குக் கீழே அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.