கேட்டது ஒரு ஸ்கிரீன், வந்தது வேறு ஸ்கிரீன்

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ரெண்டு ஸ்கிரீன் வந்து இறங்கியது.

பச்சை கலர். ஓரத்தில் பூ வேலை. மேலே கம்பி கோர்க்க வளையம்!

(சிரிக்காதீர்கள். முழுதாகப் படியுங்கள்.)

நான் கேம் டெவலப்பர். சென்னையில் இருக்கும் ஒரு சின்ன கம்பெனிக்கு, லப்பைக்குடிக்காட்டில் என் மாமியார் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் குவைத்தில். இங்கே நானும் மாமியும் மட்டும்தான்.

கம்பெனியில் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கேமில் ஒரு லெவலைத் தனியாகச் செய்து முடித்துக் காட்டினால் ஊரிலிருந்தே வேலை. இல்லையென்றால் சென்னை ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும்.

மாமியைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போவது? அதற்காக வேலையை விடவும் எனக்கு மனசில்லை. படித்த படிப்புக்கு இப்போதுதான் பிடித்த வேலை கிடைத்திருக்கிறது.

என் லெவலில் ஒரு மினி பஸ் போகும். ஓர் ஆட்டு மந்தை ரோட்டைக் கடக்கும். பஸ் நிற்க வேண்டும், ஆடுகள் போக வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் ஒரே ஓர் ஆடு மட்டும் திடீரென்று கூட்டத்தை விட்டு விலகி, பஸ்ஸுக்குள் புகுந்து, அந்தப் பக்கமாக வெளியே நடந்து போனது.

(டிக்கெட்கூட எடுக்காமல்!)

என்னிடம் இருந்தது ஒரு லேப்டாப். கேமைத் திறந்தால், அதை ஓட்டும் புரோகிராம் கோடு மறைந்துவிடும். கோடுக்குத் தாவினால், அதற்குள் ஆடு ஓடிவிடும். எந்த வரி ஓடும்போது அது ஓடுகிறது என்று பார்க்கவே முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால்தான் மாமியிடம் சொன்னேன்.

"மாமி, என் ரூமுக்கு ரெண்டு ஸ்கிரீன் வாங்கணும். ஒண்ணு அகலமா, இன்னொண்ணு நெட்டுக்க."

மாமி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என்ன கலரில் வேண்டும் என்று கேட்டார். கலர் நல்லா தெரியணும் மாமி, அதுதான் முக்கியம் என்றேன்.

(இரண்டு பேரும் எவ்வளவு தெளிவாகப் பேசியிருக்கிறோம் பாருங்கள்!)

மறுநாளே பஸ் ஏறி பெரம்பலூர் போய்த் துணி எடுத்து, தைக்கக் கொடுத்து வாங்கியும் வந்துவிட்டார். அகலமானது ஜன்னலுக்கு. நெட்டுக்க இருந்தது கதவுக்கு. மருமகளுக்கு இப்போதாவது வீட்டின் மேல் அக்கறை வந்ததே என்று அவருக்குச் சந்தோஷம்.

நான் கேட்டது கம்ப்யூட்டர் ஸ்கிரீன் என்று எப்படியோ மென்று விழுங்கிச் சொன்னேன். மாமி பச்சை ஸ்கிரீன்களை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அதுக்கு எதுக்கு புள்ள ரெண்டு? கண்ணு ரெண்டும் ஒரே பக்கந்தானே பாக்கும்?"

நியாயமான கேள்வி. லேப்டாப்பைத் திறந்து ஆட்டைக் காட்டினேன். அது பஸ்ஸுக்குள் புகுந்ததும் மாமி பதறிப்போய் அதைப் பிடிக்கச் சொன்னார். பிடிக்கத்தான் ஸ்கிரீன் என்றேன். போய் வாங்கிட்டு வா என்றார்.

மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், குவைத்திலிருந்து வளைந்த மானிட்டராகப் பார்த்து லிங்க் அனுப்பிக்கொண்டே இருந்தார். அகலமாக, சினிமா தியேட்டர் மாதிரி! ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என் மேஜை ஒடுங்கியது. அதில் அவ்வளவு பெரியதை வைத்தால் மூக்கு போய் இடிக்கும். படம் ரொம்பத் துல்லியமாகத் தெரியும் 4K எடுத்தால் என் லேப்டாப்பில் கேம் மூச்சு வாங்கும். வேண்டாம் மச்சான், எனக்கு எது சரி என்று எனக்குத் தெரியும் என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

பெரம்பலூர் கடையில் 27 இன்ச் ஒன்று கேட்டேன், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல். கூடவே 24 இன்ச் ஒன்று, செங்குத்தாகத் திருப்புகிற ஸ்டாண்டோடு. கடைக்காரர் என் புர்காவையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பையன் கேம் வெளாடுறதுக்காங்க?"

"இல்லங்க. நான் கேம் செய்யறதுக்கு."

அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் படித்தேன் போல. பெருமையாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

வீட்டில் நானே மாட்டினேன். 27-இல் கேம். பக்கத்தில் செங்குத்தாக நிற்பதில் கோடு, மேலிருந்து கீழ்வரை நீளமாக. கோடு எழுதுகிறவர்கள் ஒருமுறை திருப்பி வைத்துப் பாருங்கள், அப்புறம் படுக்க வைக்க மாட்டீர்கள்.

ஆனால் சாயங்காலம் அஸர் தொழுகை நேரம் ஆனதும் மேற்கு ஜன்னல் வெயில் நேராகத் திரையில் விழுந்தது. ஆடும் தெரியவில்லை, பஸ்ஸும் தெரியவில்லை, என் முகம்தான் தெரிந்தது.

மாமி வந்து எட்டிப் பார்த்தார். பச்சை ஸ்கிரீனைக் கொண்டுவந்து ஜன்னலில் மாட்டிவிட்டுப் போனார்.

(என் செட்டப்பில் முக்கியமான பாகம் அதுதான். எந்த ரிவ்யூவிலும் சொல்ல மாட்டார்கள்.)

அன்றைக்கே ஆடு மாட்டியது! ஒரு பக்கம் ஆடு நடக்க, மறுபக்கம் வரிகள் ஓட, பார்த்துக்கொண்டே இருந்தேன். மற்ற ஆடுகள் பக்கத்து ஆட்டைப் பார்த்து நடந்தன. இது மட்டும் தலைமை ஆட்டையே பார்த்து நடந்தது. தலைமை ஆடு திரையைத் தாண்டியதும் கேம் அதை நீக்கிவிடும். பாவம், இது யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் நேரே நடந்திருக்கிறது. ரெண்டே வரி மாற்றினேன்.

நேற்று வீடியோ காலில் லெவலை ஓட்டிக் காட்டினேன். கம்பெனித் தலைவர் ஆடுகள் ரோட்டைக் கடப்பதை இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். அதையும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சென்னைக்கெல்லாம் வர வேணாம்ங்க. அங்கேருந்தே பாருங்க. அடுத்த லெவலும் உங்களுக்குத்தான்."

மாமியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்று என் தலையைத் தடவினார்.

இன்று மதியம் பக்கத்துத் தெரு அக்கா வீட்டுக்கு வந்தார். மருமகளைக் காணோமே என்று கேட்டது என் காதில் விழுந்தது. என் நாற்காலிக்கும் அவர்கள் நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரு கதவுதான்.

மாமி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவ ஆபீஸ்ல இருக்கா. சாயங்காலமா வாங்க."