இடப்பக்கம் திரும்பாத கார்

மெக்கானிக் தொழிலில் காரைச் சரி செய்வது பாதி வேலை. காரைச் சுற்றி நின்று யோசனை சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்வது மீதிப் பாதி. பழைய வண்டியோடு மல்லுக்கட்டியவர்கள் இதை ஒப்புக்கொள்வீர்கள். அந்த அனுபவம் இல்லாதவர்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள், அப்படியே இருங்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் புதுக்கோட்டையில் எனக்கு ஒரு ஷெட் இருந்தது. பஸ், லாரி, டாக்டர் வீட்டுக் கார், மாப்பிள்ளை அழைப்புக்குப் போகும் திறந்த கார் என்று எல்லாம் வரும். அவற்றுக்கு நடுவே பத்து மாதம் ஒரு பழைய காரை மோட்டார் பந்தயத்துக்குத் தயார் செய்தேன். அந்தப் பத்து மாதத்தில் நான் கேட்க நேர்ந்த பேச்சுகளில் சிலவற்றைத்தான் எழுதுகிறேன்.

கோழிகள் காலி செய்த கார்

காரின் சொந்தக்காரர் சொக்கலிங்கம். திருமயம் பக்கத்துக் கிராமத்தில் பெரிய வீட்டுப் பிள்ளை, வயது இருபத்தாறு. சென்னையில் படித்த காலத்தில், நகரத்துக்கு வடக்கே சண்டைக் காலத்து விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்த்திருக்கிறார். அன்று பிடித்தது அவருக்கு அந்தப் பைத்தியம். வீட்டுக் கொட்டகையில் நீளமூக்கோடு நாலு கதவு உள்ள திறந்த இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றிருந்தது. ஊருக்குக் கிளம்பிய ஒரு தோட்டத்துரையிடமிருந்து அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, வாங்கியது. நாலு கதவைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போக ஏற்ற வண்டி என்று நினைத்து வாங்கிவிட்டார். முதல் நாள் அதில் ஏறியவர் புதுக்கோட்டையில் இறங்கும்போது தோளில் துண்டு இல்லை. எந்த மைல்கல்லில் பறந்தது என்றும் தெரியவில்லை. அன்றைக்குக் கொட்டகையில் விட்ட வண்டிதான். பத்து வருஷம் பின்சீட்டில் கோழி முட்டையிட்டது.

பந்தயத்துக்கு விட அனுமதி கேட்கச் சொக்கலிங்கம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அப்பா செட்டியார் கோபப்படவில்லை. திருவரங்குளத்தில் யாரோ பழைய கார் எஞ்சினை வைத்து மாவு மில் ஓட்டுவதை அவர் பார்த்து வந்திருந்தார். தமக்கும் ஒரு மில் வைக்கும் யோசனை இருந்தது. எஞ்சின் மட்டும்தான் பாக்கி. மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒரே ஒரு தடவை விட்டுப் பாருங்க மெக்கானிக்கு. போன வண்டி தன் கால்ல வீடு வந்து சேரணும். கயித்தைக் கட்டி இழுத்துக்கிட்டு வந்தா மறுநாளே எஞ்சினைக் கழட்டி மில்லுல வச்சிருவேன். அதுவும் ஓட்டந்தானே."

அம்பது குதிரையும் ரெண்டு மாடும்

கம்பிச் சக்கரம் நாலில் இரண்டு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. அதே அளவுச் சக்கரத்துக்காக மதுரை, திருச்சி பழைய இரும்புக் கடைகளை எல்லாம் சல்லடை போட்டுச் சலித்தேன். கடைக்காரர்கள் நான் கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார்கள். ஒருவர் தராசுத் தட்டு வேண்டுமா என்று கேட்டார். அப்புறம் ஒரு லாரி டிரைவர், குன்றாண்டார்கோவிலில் ஒரு மாட்டு வண்டி நம் கார் மாதிரியே கம்பிச் சக்கரத்தில் ஓடுகிறது என்று சொன்னார். நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தால் அச்சு அசலாக அதே சக்கரம். யாரோ ஜமீன் வீட்டு ஏலத்தில் எடுத்ததாம். மேலே எருவோடு நின்றிருந்தது.

வண்டிக்காரர் நல்ல மனிதர். பதிலுக்குப் பழைய ஜீப்பின் அச்சும் சக்கரமும் தருகிறேன் என்றதும் ஒப்புக்கொண்டார். சக்கரத்தைக் கழற்றும்போது சொக்கலிங்கம் சும்மா இருந்திருக்கலாம். இது ஐம்பது குதிரைச் சக்தி உள்ள காருக்கு உண்டான சக்கரம், இதைப் போய் மாட்டு வண்டியில் மாட்டலாமா என்று கேட்டுவிட்டார். வண்டிக்காரர் இரண்டு மாடுகளையும் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்பது குதிரை இழுக்கிறதை இதுக ரெண்டும் எட்டு வருசமா இழுத்திருக்குதுங்க. எது ஒசத்தின்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க."

உதிரிக்கு ஐந்தாவது சக்கரம் ஒன்று தேடினேன். கடைசி வரை அகப்படவில்லை.

கனம் குறைத்தது

பந்தயக் காருக்குக் கனம் ஆகாது. பின்சீட்டைக் கழற்றினோம். கதவுக்கு உள்பக்கம் இருந்த தேக்குப் பலகை, படிக்கட்டு, பம்பர், கூரைத் துணி, சாம்பல் கிண்ணம் எல்லாம் போயின. அப்படியும் திருப்தி இல்லாமல், தரைத் தகட்டிலும் தாங்கு இரும்புகளிலும் ஓட்டை போட்டோம். ஓட்டை போட்ட கடைசல் பட்டறைக்காரர், தன் வாழ்நாளில் ஓட்டையை அடைக்கத்தான் கூலி வாங்கியிருப்பதாகச் சொல்லி வருத்தப்பட்டார். கனம் நன்றாகவே குறைந்தது. எனக்கு அந்தக் காரின் மேல் பிரியம் விழுந்தது அந்தச் சமயத்தில்தான். எல்லாவற்றையும் உரித்த பிறகு அந்த எஞ்சினும் சட்டமும் எவ்வளவு யோக்கியமாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்று தெரிந்தது. இதை மாவரைக்க விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். என்னை யாரும் முடிவு கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

சொக்கலிங்கத்தின் ஆத்தா, அவர் தாயார், ஒரு நாள் கடைவீதிக்கு வந்தவர் ஷெட்டுக்கும் வந்தார். எலும்பும் தோலுமாக நின்ற காரைப் பார்த்தார். ஓரமாகக் குவித்திருந்த சீட்டையும் பலகையையும் பம்பரையும் பார்த்தார். நிதானமாகக் கேட்டார்: "ஏம்ப்பா, இதுல எதைப் பந்தயத்துக்குக் கொண்டுபோகப் போறீக? இங்கிட்டுக் கெடக்கிறதுதான் காராட்டம் இருக்கு."

அய்யனாரைச் சுற்றியது

பழகுவதற்கு இடம் வேண்டும். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய் கோடையில் வறண்டு கெட்டிப்பட்டுக் கிடந்தது. நடுவில் ஒரு மேடு, மேட்டில் அய்யனார், அவருக்கு முன்னால் மண் குதிரை. அந்த மேட்டைச் சுற்றினால் பந்தயப் பாதை மாதிரியே இருக்கும். முதல் நாள் சொக்கலிங்கம் வண்டியை இறக்கி, கை போன போக்கில் இடப்பக்கமாகத் திருப்பினார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கம்பை நீட்டிக் குறுக்கே வந்து நிறுத்தினார். அவர் சொன்னதும் எங்களுக்கு உறைத்தது. சாமியை வலமாகத்தானே சுற்ற வேண்டும். உடனே வண்டியைத் திருப்பி, அன்று முதல் தினமும் நூறு சுற்று வலமாகவே சுற்றினோம்.

வலப்பக்கம் வேகமாகத் திரும்பினால் கார் இடப்பக்கம் சாயும். இந்தக் கார் ரொம்பவே சாய்ந்தது. பஸ் கம்பெனி கழித்துப்போட்ட ஸ்பிரிங்கிலிருந்து பட்டை வெட்டி, இடப்பக்க ஸ்பிரிங்குகளுக்கு ஆளுக்கு இரண்டு கூடுதலாக வைத்தேன். வலப்பக்கத்தைத் தொடவில்லை, அதற்கு வேலையே இல்லையே. அதற்குப் பிறகு வண்டி திருப்பத்தில் கல்லு மாதிரி நின்றது. இவ்வளவு நல்ல வேலை நான் அதற்கு முன்னால் செய்ததில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். பந்தயத்தார் அனுப்பிய விதிமுறைக் காகிதத்தில் எஞ்சின் அளவு, தொப்பி, தீயணைப்பு என்று ஒவ்வொன்றாக விசாரித்துத் தெரிந்துகொண்டோம். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. சுற்றுவதற்கு உலகத்தில் ஒரு பக்கம்தான் உண்டு என்று இருந்தோம். அந்த ஆட்டுக்காரர் முதல் நாள் சொன்ன வார்த்தையை அப்படியே தருகிறேன்: "இடமாச் சுத்தாதீங்க தம்பி, வாகனத்துக்குக் கால் ஒடிஞ்சிரும்."

கொடிக்காரர்

பந்தய நாள் காலையில் சென்னை ஓடுதளத்தில் காரை வரிசையில் நிறுத்தினோம். மற்ற எல்லாக் கார்களும் எதிர்த்திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. பந்தயத்தைத் தொடங்கக் கொடி அசைக்கிற கொடிக்காரர் வந்து காரைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். பாதை இடப்பக்கமாகச் சுற்றுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. சொக்கலிங்கம் என்னைப் பார்த்தார். நான் இடப்பக்க ஸ்பிரிங்கைப் பார்த்தேன். பத்து மாத வேலை முழுவதும் காரின் தப்பான பக்கத்தில் இருந்தது.

நான் கொடிக்காரரைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன். சாமி, கண்மாய், ஸ்பிரிங் எல்லாம் விளக்கினேன். எங்கள் வண்டியை மட்டும் வலமாகச் சுற்ற அனுமதிக்க முடியுமா என்று கேட்டேன். அந்த நேரத்தில் அது எனக்கு நியாயமான கேள்வியாகவே பட்டது. அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டே பதில் சொன்னார்: "தாராளமா சுத்துங்க சார். மத்த பதினோரு வண்டியும் எதிர்ல வரும், அது உங்களுக்குப் பரவாயில்லையா?"

லாரிக்காரர்

ஏழாவது சுற்றில் வலப்பக்கப் பின் ஸ்பிரிங்கின் தாய்ப்பட்டை, அதாவது மற்றப் பட்டைகளைத் தாங்கும் பெரிய பட்டை, ஒடிந்தது. சத்தம் எனக்கு நின்ற இடத்திலேயே கேட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு இடத் திருப்பத்திலும் கார் வலப்பக்கமாகச் சாய்ந்து, மட்கார்டு டயரின் மேல் உட்கார்ந்து புகை விட்டது. சொக்கலிங்கம் நிறுத்தவில்லை. திருப்பத்தில் மாட்டு வண்டி வேகமும் நேர்பாதையில் முழு வேகமுமாக ஓட்டிக் கடைசியாக வந்து முடித்தார். நேர்பாதையில் மட்டும் இரண்டு கார்களைப் பிடித்தார். திருப்பத்தில் அவை திரும்ப முந்திக்கொண்டன. அவர் இறங்கும்போது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

வீடு இருநூற்றைம்பது மைல். ஒடிந்த ஸ்பிரிங்கோடு விழுப்புரம் வரை ஊர்ந்துவிட்டோம். இனி அதன் மேல் ஒரு கட்டையைக் கொடுத்துக் கட்டாமல் நகர முடியாது. விழுப்புரம் தாண்டி ஒரு லாரிக்காரர், பார்த்துப் பரிதாபப்பட்டு நல்ல தேங்காய் நார்க் கயிறு கொண்டுவந்தார். சொக்கலிங்கம் கயிறு என்ற பேச்சே கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். பழைய சைக்கிள் டியூபைத் தேடி வாங்கிக் கட்டினோம். இடப்பக்கம் பாரம் இருக்கட்டும் என்று இரண்டு மணல் மூட்டைகளோடு நான் அங்கே உட்கார்ந்தேன். லாரிக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "பந்தயத்துலேர்ந்து வர்றோம்னு சொல்றீங்க. மணல் ஏத்திக்கிட்டு வர்றீங்க. நான் ஒண்ணும் கேக்கலீங்க."

கடைசித் திருப்பம்

நீண்ட வளைவுகளை மெதுவாகத் தாண்டி மறுநாள் காலை ஊர் எல்லைக்கு வந்துவிட்டோம். இறங்கிப் பார்த்தேன். வலப்பக்கப் பின் டயரில் ரப்பர் தேய்ந்து, துணி வெளியே தெரிந்தது. மட்கார்டு இன்னும் ஒரு தடவை அழுத்தினால் வெடிக்கும். மாற்றச் சக்கரம் இல்லை. செட்டியார் வீட்டுத் தெருவோ இடப்பக்கம், சரியான முக்குத் திருப்பம். திண்டாட்டம் வீட்டிலிருந்து ஒரு கல்லெறி தூரத்தில் வந்து நின்றது. டயர் போனால் இழுத்துத்தான் போக வேண்டும், இழுப்பதென்றால் கயிறு, கயிறு என்றால் மாவு மில். சொக்கலிங்கம் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். "விடுங்கண்ணே, மில்லாவது ஓடட்டும்" என்றார்.

அந்தப் பக்கத்து ஊர்களில் தெருக்கள் எல்லாம் சதுரங்கக் கட்டம் போல நேர் நேராக இருக்கும் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. வலப்பக்கம் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பலாம். அதற்கு என் ஸ்பிரிங் இருக்கிறது. வீட்டுத் தெருவைத் தாண்டி நேரே போகச் சொன்னேன். அடுத்த முக்கில் வலம். அதற்கடுத்த முக்கில் வலம். மூன்றாவது வலம் திரும்பியதும் கார், முதலில் வந்த சாலையைக் குறுக்கே தாண்டி நேராக வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தது. கல்லு மாதிரி நின்றது என்று முன்னால் சொன்னேனே, மூன்று திருப்பத்திலும் அப்படியே நின்றது. நாங்கள் சுற்றி வந்த அந்தக் கட்டத்தில் இருந்தது சிவன் கோயில் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

செட்டியார் வாசலில்தான் நின்றிருந்தார். கார் வீட்டுக்குத் திரும்பாமல் தெருமுனையைக் கடந்து போனதையும், கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றதையும் முழுக்கப் பார்த்திருக்கிறார். முன்னால் வந்து கயிறு இருக்கிறதா என்று பார்த்தார். பின்னால் போயும் பார்த்தார். பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தது என்று கேட்கவே இல்லை. மகன் தோளில் கை வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. உள்பக்கம் திரும்பி மனைவியிடம் சொன்னார்: "மில்லுக்கு வேற எஞ்சின் பாத்துக்கலாம் ஆச்சி. அம்புட்டுத் தூரத்திலிருந்து வந்தவன், சாமியை வலம் வந்துட்டுத்தான் வாசலுக்கு வர்றான்."

ஸ்பிரிங்கைத் தப்பான பக்கத்தில் வைத்ததற்காக இத்தனை மரியாதை கிடைத்த மெக்கானிக் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான், அதனால் இன்றுவரை அதை நான் யாரிடமும் தப்பு என்று சொன்னதில்லை.