சார் சியுவுக்கு ஒரு கை தூரம்

அளவுநாடாவின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு, மறுமுனையைப் பூனையை நோக்கி நீட்டுகிறார் ஃபாங் அக்கா. பூனை நாடாவை மோந்து பார்க்கிறது.

"மோந்தது போதும். இன்னும் ஒரு கை தள்ளிப் போ. நீ இப்ப சாதாரணப் பூனை இல்லடா."

பூனையின் பெயர் சார் சியு. தீயில் வாட்டிய பன்றி இறைச்சியின் செந்நிறம் அதற்கு. அதனால் அந்தப் பெயர். அக்கா ஷாம் ஷுய் போ துணிச்சந்தைப் பகுதியில் திரைச்சீலை தைப்பவர். எங்கள் மாடியில் எதிரெதிர் வீடு. இத்தனை வருடத்தில் என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "எதிர்வீடு" என்றுதான் கூப்பிடுவார்.

உயிருள்ளதோ இல்லாததோ, எதையும் அளக்காமல் விடமாட்டார். சந்தையில் மீனை அளப்பார். மாப்பிள்ளை முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது, சட்டை தைக்கப்போவதாகச் சொல்லி அவர் தோளையும் அளந்துவிட்டார். சார் சியு எவ்வளவு தின்றும் இளைத்தபோது, அதை முதலில் கண்டுபிடித்ததும் நாடாதான். தைராய்டு தறிகெட்டு ஓடுகிறது என்றார்கள் மருத்துவமனையில். கதிரியக்க அயோடின் ஊசி போடக் கொண்டுபோகும் முன் அதன் வயிற்றைச் சுற்றி அளந்து, நாடாவில் அந்த இடத்தில் நீல நூலால் ஒரு தையல் போட்டுவைத்தார்.

சில நாள் அங்கேயே கூண்டில் வைத்திருந்துவிட்டு, நிபந்தனைகளோடு திருப்பி அனுப்பினார்கள். உடம்பில் மிச்சமிருக்கும் கதிர்வீச்சு வடியும்வரை இரண்டு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சக்கூடாது. ஒரே கட்டிலில் தூங்கக்கூடாது. அது மூத்திரம் பெய்த மணலைக் கையுறை போட்டு அள்ளி, பையில் கட்டி, மூடி போட்ட டப்பாவில் ஓரமாக வைத்திருந்து, பல வாரம் கழித்தே குப்பையில் போட வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பூனையின் பக்கமே வரக்கூடாது.

சிக்கல் இங்கேதான். அக்காவின் மகள் வை சான் கல்யாணமாகி ஏழாம் வருடம் உண்டாகியிருக்கிறாள். இலையுதிர்கால நிலாப் பண்டிகைக்கு அவள் வராமல் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. பூனையைக் கொஞ்ச நாள் வேறெங்காவது விடலாமே என்று கேட்டுப் பார்த்தேன்.

"யார்கிட்ட விடுறது? என்னைத் தவிர யார் கையாலயும் மாத்திரை திங்காது. பூனையும் பொழைக்கணும், பேரப்பிள்ளையும் நல்லா இருக்கணும். ரெண்டுல ஒண்ணுன்னு என்கிட்ட கேக்காத, எதிர்வீடு."

தையல் சாக்பீஸை எடுத்துத் தரையில் கோடு போட்டார். பண்டிகையன்று பூனை உள்ளறையில், கதவுக்குப் பின்னால். சாப்பாட்டு மேஜை வீட்டை விட்டே வெளியேறி, மாடிப் பொதுவழியில், என் வாசலை ஒட்டி. வாசல் பூமிசாமிக்கு ஊதுபத்தி கொளுத்தி, அவரையும் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டுப் பரிமாறினார். ஆவியில் வெந்த மீன், தாமரைக்கிழங்கு சூப். போகிற வருகிறவர்களெல்லாம் ஒரு வாய் தின்றுவிட்டுப் போனார்கள். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

தாமரை விதையோ பயறோ பூரணமாக வைத்த நிலா கேக் எடுத்துவர உள்ளே போனவர் அக்காவின் கணவர் லோக். அவர்கள் வீட்டில் எதை வைத்தாலும் பழைய நிலா கேக் டப்பாவில்தான். பொத்தான் ஒன்றில், ஊசி ஒன்றில், மின்சார ரசீது ஒன்றில். டப்பாவின் மேல் இருக்கும் படத்தை நம்புகிறவனுக்கு அங்கே பட்டினிதான். லோக் நம்பினார். ஜன்னல் மேடையில் தனியாக இருந்ததைக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தார். அவள் அதை மடியில், வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டு, இறுகிய மூடியை நகத்தால் நெம்பினாள்.

அக்கா கையிலிருந்த மீன் தட்டு என் கைக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தொறக்காதடி. அது கேக் இல்ல, சார் சியு போட்டது."

டப்பாவைப் பிடுங்கி, கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜன்னல் மேடையிலேயே கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்த கையோடு மருத்துவமனைக்குத் தொலைபேசி போட்டார். பை கட்டியிருந்ததா, டப்பா மூடியிருந்ததா, எவ்வளவு நேரம் மடியில் இருந்தது என்று கேட்டுவிட்டு, ஒன்றும் ஆகாது, சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும் என்றார் தாதி. அக்கா அதை மூன்று முறை சொல்லவைத்துக் கேட்டார். பிறகுதான் கணவர் பக்கம் திரும்பினார்.

"நாப்பது வருஷமா என் வீட்டு டப்பாவ நம்புற ஒரே ஆளு நீதான்யா."

"கனம் சரியாத்தான இருந்துச்சு" என்றார் லோக்.

வை சானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்மா, இந்த வருஷம் உள்ள என்ன, தாமரை விதையா, பச்சைப்பயறா?" என்றாள். அக்காவும் சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு எல்லோரையும் என் வீட்டுக் குழாயில் வரிசையாகக் கை கழுவவைத்தார். மீன் தட்டை மட்டும் தொட்ட நானும் தப்பவில்லை.

நேற்றோடு கெடு முடிந்தது. இன்று காலை என் கதவில் உதை விழுந்தது. திறந்தால் ஃபாங் அக்கா; ஒரு கையில் சார் சியு, அதன் வயிற்றைச் சுற்றி நாடா. தட்டுவதற்குக் கை ஒழியவில்லை. மறுகையின் கட்டைவிரல், நீலத் தையலைத் தாண்டி ஒரு விரற்கடை கூடுதலான இடத்தில், நாடாவை விடாமல் அழுத்திப் பிடித்திருந்தது.