அல்ஃபிரெட்டின் மேசை

1994 ஒக்டோபர், ஒரு சனிக்கிழமை. காலை 6.50க்கு ஸ்டுட்கார்ட்டில் ரயில் ஏறினேன். கெல்சென்கிர்ச்சனுக்கு ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். எசனில் ஒருமுறை மாற வேண்டும். கையில் ஆறு மார்க்குக்கு வாங்கிய வெள்ளைச் செவ்வந்திக் கொத்து. தொலைக்காட்சித் தொடரில் இறந்துபோன ஒரு கிழவருக்குப் பூ வைக்கப் போகிறேன் என்று கணவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. மெற்றில்டா அக்காவைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. ஜெர்மனியின் கேவலார் மாதா கோயிலில் பழக்கமான மன்னார் அக்கா அவர். அந்தத் தொடரைப் படம்பிடித்த கடையில்தான் வேலை செய்தார்.

நான் ஜெர்மன் படித்தது அந்தத் தொடரில்தான். கைக்குழந்தையோடு வகுப்புக்குப் போக முடியவில்லை. இறைச்சி, மீன், சலட் விற்கும் ஒரு டெலிகாட்டெசன் கடைதான் கதைக்களம். அங்கே சன்னலோர மேசையருகே நின்றபடி உருளைக்கிழங்கு சலட் சாப்பிடும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் வருவார். மற்றவர்களின் பேச்சில் பாதி பிடிபடாது. அவர் சொல்வது முழுதாக விளங்கும். செப்டெம்பரில் அந்தப் பாத்திரத்தைச் சாகடித்துவிட்டார்கள். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

11.50. ரயில் நிலையத்திலிருந்து 302 ட்ராமில் ஷால்கெ பகுதிக்கு வந்து இறங்கினேன். கடை நான் நினைத்ததில் பாதிதான் இருந்தது. வாசலில் இருபது பேர் வரிசை. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் புகையூட்டிய மீன், வினாகிரியில் ஊறிய ஹெரிங் மீன், பெரிய சட்டியில் சலட். இருநூறு கிராம் இரண்டு மார்க் எண்பது. சன்னலோர மேசையில் மெழுகுதிரிகள், பூக்கள், அந்த நடிகரின் படம்.

"நீரும் பூவோடயோ வந்தனீர்?" என்றார் பெட்டிக்குப் பின்னால் நின்ற மெற்றில்டா அக்கா.

"ஏன் அக்கா, வைக்கக் கூடாதோ?"

"அந்த மேசைக்காரர் சாகேல்ல. மூண்டு தெரு தள்ளி இருக்கிறார்."

வரிசை குறைந்த நேரங்களில் மிச்சத்தைச் சொன்னார். கடையை நடத்தும் ஹில்ட அம்மாவின் மாமனார், போர் முடிந்த கையோடு சுரங்கத் தொழிலாளருக்காகத் தொடங்கிய கடை. சுரங்கம் மூடியபின் பூட்டுகிற நிலைக்கு வந்தது. அப்போதுதான் தொடர்க்காரர்கள் இடம் தேடி வந்தார்கள். சன்னலோரம் தினமும் நின்று சாப்பிடும் அல்ஃபிரெட்டைக் கண்டு, கேளாமலே அவரைப் போல ஒரு கிழவரைக் கதையில் சேர்த்துக்கொண்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டுதான் பார்த்தார். கிழவர் இறந்த பகுதி ஒளிபரப்பான மறுநாள் வழக்கம்போல வந்தபோது அவருடைய மேசையில் மெழுகுதிரி எரிந்தது. வெளியூர்ப் பெண் ஒருத்தி, "அங்கே நிற்காதீர்கள், அது இறந்தவரின் இடம்" என்றாளாம். சாப்பிடாமல் போனவர் மூன்று கிழமையாக வரவில்லை. அக்கா கொண்டுபோய்க் கதவில் தொங்கவிடும் சலட்டும் தொடப்படாமல் அப்படியே இருந்தது.

"ஹில்ட அம்மா அழுகிறா. ஆனா மெழுகுதிரியை எடுத்தா சனம் வராதெண்டு பயம்."

இரண்டு மணிக்குக் கடை பூட்டினார்கள். அக்கா சலட் பெட்டியை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார்.

அல்ஃபிரெட்டின் வீடு இரண்டாம் மாடியில். வெகுநேரம் மணியடித்தபின் கதவு ஒரு சாண் திறந்தது. நடிகரைவிட உயரமான, மெலிந்த மனிதர். என் கையைப் பார்த்தார்.

"இதுவும் என்ர செத்தவீட்டுக்கோ?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"இல்லை. உங்களிட்டத்தான் நான் ஜெர்மன் படிச்சனான்" என்று எப்படியோ சொன்னேன்.

"நடிகனிட்டப் படிச்சிருக்கிறாய். நான் அப்பிடி இழுத்துக் கதைக்கிறேல்ல."

"அப்ப வந்து கதைச்சுக் காட்டுங்கோ," என்றார் அக்கா. "கடை பூட்டியாச்சு. ஒருத்தரும் இல்லை."

"மெழுகுதிரி?"

"எடுத்தாச்சு."

மெழுகுதிரிகள் மேசையில் அப்படியேதான் இருந்தன; நான் அக்காவைப் பார்த்தேன். அல்ஃபிரெட் பூவை வாங்கி உள்ளே வைத்துவிட்டுக் குனிந்து சப்பாத்துப் போடத் தொடங்கினார்.

"ஓடிப்போய் ஹில்டவிட்டச் சொல்லும்," என்று அக்கா தமிழில் என்னை விரட்டினார்.

மூன்று தெருவும் ஓடினேன். "அவர் வாறார்! மேசை!" என்று மட்டும் ஜெர்மனில் சொல்ல வந்தது. ஹில்ட அம்மா நின்ற இடத்திலேயே நின்று மெழுகுதிரிகளைப் பார்த்தார். பிறகு ஒரே வீச்சில் எல்லாவற்றையும் கையால் வழித்து ஒரு காலி மீன் பெட்டிக்குள் தள்ளினார்.

அல்ஃபிரெட் வந்தபோது மேசையில் மெழுகு கொஞ்சம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். ஹில்ட அம்மா தட்டை வைத்தார். நாலு வாய் சாப்பிட்டபின், "உப்புக் குறைவு" என்றார். ஹில்ட அம்மா திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு மட்டையில் எழுதிச் சன்னலில் ஒட்டினார்: 'பதினொன்று தொடக்கம் பன்னிரண்டு வரை அல்ஃபிரெட் இங்கே சாப்பிடுவார். மெழுகுதிரி வேண்டாம்.'

"சனம் வராட்டி?" என்று அக்கா கேட்டார்.

"வராவிட்டால் பார்ப்போம்."

ஒரு மணி நேரம் அங்கே நின்றேன். அல்ஃபிரெட் என் மகளின் பெயர், கணவரின் வேலை, எங்கள் ஊரில் என்ன மீன் பிடிபடும் என்றெல்லாம் கேட்டார். அவர் வேகத்தில் பாதி பிந்தித்தான் விளங்கியது. ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

மாலை 4.12க்குக் கெல்சென்கிர்ச்சனை விட்டேன். ஸ்டுட்கார்ட்டில் ஐந்து வருடமாக ஒரே பேக்கரிக் கடையில் பாண் வாங்குகிறோம். விலையைத் தவிர அங்கே யாரும் எதுவும் சொன்னதில்லை. நாங்களும் எதுவும் கேட்டதில்லை. எசனில் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தபோது, அல்ஃபிரெட் கேட்டு நான் தலையாட்டி விட்ட கேள்விகளுக்கெல்லாம், ஒவ்வொன்றாக, ஜெர்மனில் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.