பொத்தான் நான்கில் இருந்தது

நம்பாத பாட்டை ஒருவர் சரியாக வாசிக்க முடியுமா? ஆவடி ரயில் பாதைக்குத் தெற்கே உள்ள எங்கள் தேவாலயத்தில் இந்தக் கேள்வி பதினோரு ஆண்டுகளாக ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் அனுசுயா. செவ்வாய்தோறும் மாங்காட்டு அம்மனுக்கு எலுமிச்சம்பழம் கொண்டுபோவார். ஞாயிறுதோறும் எட்டு மணி ஆராதனைக்கு வாசிப்பார். இரண்டு நாளும் நெற்றியில் அதே குங்குமம்.

"செவ்வாக்கெயம மாங்காடு, ஞாயித்துக்கெயம சர்ச்சு. நம்ம ஊட்டுக்கு எந்தக் கெயம வருவே?" என்பார் ஷேர் ஆட்டோ ஓட்டும் அவர் கணவர் ஜெகதீசன்.

"சோறு ஆக்கி வச்சிட்டுத்தானே போறேன். சாமி வந்து துன்ட்டுப் போயிட்டாரா?"

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் அனுசுயாவுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. ஓடுகிற மோட்டாரின் அருகே காதை வைத்து, பேரிங் சரியா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு மோட்டார். குடியிருந்த வீடோ தேவாலயத்தின் பின்சுவரை ஒட்டியது. ஒரு சனிக்கிழமை பாடகர் குழுவின் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்தார்.

"ரெண்டு வாரமா இதுல ஒன்னு மட்டும் இழுத்துகினே கீது. காது கூசுது. ரிப்பேரு பண்ணவே மாட்டீங்களா?"

ஒத்திகைக்கு மட்டும் வைத்திருந்த பழைய கால்மிதி ஆர்கன் அது. திறந்து பார்த்தால், அவர் விரல் வைத்துக் காட்டிய கட்டையில்தான், காற்றில் அதிர்ந்து ஒலி தரும் பித்தளை நாக்கில் தூசி அடைந்திருந்தது. குழுவை நடத்தும் ரூபவதி டீச்சர் நன்றி சொன்னார். "நன்றி இருக்கட்டும். அரை மணி நான் இதும்மேல ஒக்காந்துக்கட்டா?" என்று கேட்டார் அனுசுயா. அரை மணி என்பது பிறகு யாரும் கணக்கு வைக்காத மணிகளாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைக்கு மின் ஆர்கன் இருந்தது. அதில் ஒரு பொத்தான் உண்டு. பாட்டு எந்தச் சுருதியில் இருந்தாலும், வாசிப்பவர் தனக்குப் பழகிய வெள்ளைக் கட்டைகளிலேயே கையை வைத்துக்கொள்ளலாம். பொத்தானை நான்கு தரம் அழுத்தினால் ஒலி நான்கு படி ஏறிவிடும். எங்கள் பக்கத்துச் சபைகளில் பாதிப்பேர் இப்படித்தான் வாசிக்கிறார்கள். சபைச் செயலாளர் பாக்கியநாதனும் அப்படித்தான். கால்மிதி ஆர்கனில் இந்த வசதி கிடையாது. பாடுகிறவர்கள் எந்தச் சுருதியில் ஆரம்பிக்கிறார்களோ, அங்கே விரல்தான் போய்ச் சேர வேண்டும். அனுசுயாவின் விரல்கள் கறுப்பு வெள்ளை பார்க்காமல் எல்லா இடத்துக்கும் போய்ப் பழகின. ஞாயிறு வாசித்தவர்கள் ஒவ்வொருவராக வெளியூர் வேலைக்குப் போனபோது, அந்த நாற்காலியும் அவரிடம் வந்தது.

வாசிக்கும்போது அவர் உதடு அசையாது. பதினோரு ஆண்டுகளில் அவர் ஒரு வரி பாடி யாரும் கேட்டதில்லை. பாக்கியநாதனுக்கு அதுதான் உறுத்தல்.

"நம்பிக்க இருந்தா வாய் தொறக்கும் இல்ல, டீச்சர்? பாட்ட நம்பாதவங்க எப்டி அத்த வாசிப்பாங்க?"

"வாயத் தொறந்துகினு தப்பா வாசிச்சவங்களையும் நான் பாத்துகினுதானே கீறேன், அண்ணே."

டீச்சர் யாரைச் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பாக்கியநாதனின் கேள்வி கெட்ட எண்ணத்தில் பிறந்ததல்ல. சொல்லுக்கும் அதைச் சுமக்கும் ஒலிக்கும் நடுவே ஏதோ ஓர் உறவு இருக்கத்தான் வேண்டும் என்று நினைப்பவர் அவர். சென்ற ஆண்டு அந்த நினைப்பு கமிட்டியில் தீர்மானமாயிற்று: எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்குப் பிறகு சபை உறுப்பினர் ஒருவரே ஆர்கன் வாசிப்பார்.

போதகர் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அனுசுயா ஒன்றுதான் கேட்டார். "விழா பாட்டு நான் வாசிக்கலாமில்ல, ஐயா?"

"தாராளமா வாசிங்கம்மா."

விழாவில் ஆறு சபைகளின் பாடகர் குழுக்களுக்குப் போட்டி. ஆரம்பப் பாட்டைப் பாக்கியநாதன் வாசித்தார். சீட்டுக் குலுக்கியதில் எங்கள் குழுவே முதல். அனுசுயா உட்கார்ந்தார். முன்னிசையின் முதல் சுரக்கூட்டு ஒலித்தது. ஜி சுருதியில் வர வேண்டியது நான்கு படி மேலே, பி-யில் வந்தது.

பாக்கியநாதன் தான் வாசித்த பாட்டுக்காகப் பொத்தானில் நான்கு படி ஏற்றியிருந்தார், இறக்காமலே எழுந்துபோயிருந்தார். ரூபவதி டீச்சரின் உயர்த்திய கை அப்படியே நின்றது. அந்தச் சுருதியில் இரண்டாம் வரியிலேயே பெண்களின் குரல் உடைந்துவிடும். பொத்தானை அழுத்தலாம், ஆனால் நடுவர்கள் முன்னால், பாதி இசையில், ஒலி படிக்கட்டில் தடுக்கி விழுந்ததுபோல் விழும்.

அனுசுயா பொத்தான் பக்கம் போகவில்லை. கறுப்புக் கட்டைகள் பக்கம் போனார். பொத்தானை நம்பி வாசிப்பவர்கள் தொடவே பயப்படும், பொத்தான் நான்கு படி ஏற்றினால் ஜி-யாக ஒலிக்கும் இ ஃபிளாட்டை நோக்கி, ஒவ்வொரு சுரக்கூட்டாக, அவசரமில்லாமல் இறங்கினார். நான்கு வரி முன்னிசை ஆறு வரியாயிற்று. ஆறாவது முடிந்த இடத்தில் ஜி காத்திருந்தது. டீச்சரின் கை இறங்கியது. முப்பத்திரண்டு பேரும் ஒரே மூச்சில் நுழைந்தார்கள். நடுவர்கள் அதை எங்கள் குழுவின் கற்பனை என்றே எழுதிக்கொண்டார்கள்.

பிழையற்ற வாசிப்பு. இந்தச் சொல்லை இங்கே எழுதும் முன் நிறைய யோசித்தாயிற்று. வேறு சொல் இல்லை.

பிறகு கடைசிச் சரணம் வந்தது. அனுசுயா இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆர்கன் நின்றது. பின்வரிசை ஆண்கள் ஒரு கணம் திகைத்தார்கள். ஆனால் பாட்டு நிற்கவில்லை. தாங்க யாருமில்லாத அந்தப் பாட்டு கூரை வரைக்கும் தானாகவே எழுந்து நின்றது. அதற்குள் இன்னொரு குரல் கேட்டது; கொஞ்சம் கரகரப்பு, துல்லியமான சுருதி. அனுசுயா பாடிக்கொண்டிருந்தார். ஆமென் வந்தபோது கைகள் திரும்பிக் கட்டைகளில் இறங்கின. ஆர்கனும் குரலும் ஒரு மயிரிழையும் விலகவில்லை. அடுத்துப் பாட வேண்டிய ஐந்து குழுக்களும் முதலில் எழுந்து நின்றன. பிறகு சபை முழுவதும்.

கைதட்டல் நடுவே பாக்கியநாதன் ஆர்கனருகே விரைந்தார். கடைசிச் சரணத்தில் அனுசுயா கையை எடுத்தது பொத்தானை இறக்கத்தான் என்று எல்லோரையும்போல அவரும் நினைத்திருந்தார். சின்னத் திரையில் இன்னும் நான்கு.

"இன்னாம்மா இது? நாலுல வச்சிகினா வாசிச்சே?"

"நீங்க வச்சது, அண்ணே. நான் தொடல."

கேடயம் எங்களுக்குத்தான் வந்தது. அதன் படத்தை ஜெகதீசன் தன் ஆட்டோவின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். புதன்கிழமை கமிட்டியில், யாரும் கேட்காமலே பாக்கியநாதன் எழுந்தார்.

"தப்பு என்னுது. நம்பாதவங்க எப்டி வாசிப்பாங்கன்னு கேட்டேன். நம்பற நான் எப்டி வாசிச்சேன்னு ஒருத்தரும் கேக்கல. தீர்மானத்த நானே வாபஸ் வாங்கிக்கிறேன்."

அந்த நாற்காலி இன்றும் அனுசுயாவுடையது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கடைசிப் பாட்டின் கடைசிச் சரணத்தில் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். அந்த ஒரு சரணம் மட்டும் பாடுகிறார். ஏன் என்று டீச்சர் கேட்டார். போதகர் சுற்றி வளைத்துக் கேட்டார். பாக்கியநாதன் நேராகவே கேட்டார்.

அனுசுயா ஆர்கன்மேல் துணியை இழுத்துப் போர்த்தினார். "நாளைக்கு மொத ஷிப்ட்டு. வரேண்ணே," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.