சந்நிதிக்கு வெளியே விட்ட நடை

மத்தியானத் தூக்கம் எனக்குத் தண்ணீரில் மல்லாந்து மிதப்பது மாதிரி. குழாயடியில் குடம் இடிபடும் சத்தமும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் எங்கோ தூரத்துக் கரையிலிருந்து வரும். அன்றைக்கு அந்தக் கரையிலிருந்து யாரோ "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டார்கள். கண்ணைத் திறந்தால் வாசலில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், தோளில் பை, கையில் எழுதுகிற பலகை போல ஒரு டேப்லெட்.

நான் மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். வீட்டுக்காரர் பக்கவாதத்தில் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. காலையில் பக்கத்து மெஸ்ஸில் காய் நறுக்கிக் கொடுப்பேன். மகன் நங்கநல்லூரில் ஃப்ளாட்டில் இருக்கிறான். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் என்னைப் பார்க்க வந்து, என்னை எழுப்பாமல் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"சர்க்கரை, பிரஷர், இதய நோய் இதெல்லாம் யாருக்கு எப்படி வருதுன்னு ஒரு ஆராய்ச்சிக்காகக் கணக்கெடுக்கிறோம்மா. சாப்பாடு, நடை, தூக்கம், எடை, புகையிலை. இந்த அஞ்சையும் ஒண்ணா சேர்த்துப் பாப்போம். தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணும் சின்னதாத்தான் தெரியும்" என்றாள் அந்தப் பெண்.

புது ஆட்களிடம் எனக்கு வார்த்தை வராது. தலையை மட்டும் ஆட்டினேன். ஆனால் அவள் சொன்னது புரிந்தது. புளித்தண்ணீரை மட்டும் நாக்கில் விட்டுப் பார்த்து ரசம் எப்படி இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

"முடிவு எப்டி தெரியும் மேடம்?" என்று மகன் கேட்டான்.

"ஒரு அட்டை தருவோம் சார். ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு கட்டம். பச்சை, மஞ்சள், சிவப்பு. கீழே எல்லாம் சேர்த்து ஒரு பெரிய கட்டம்."

மகன் டம்ளரைக் கீழே வைத்தான். "கேட்டியாம்மா? கீழ்க் கட்டம் சேப்பா வந்துச்சுன்னா மூட்டையக் கட்டிக்கினு எங்கூட வந்துடணும். பச்சையா வந்தா இங்கியே இரு, நான் வாயத் தொறக்க மாட்டேன். இன்னா, சரியா?"

பல வருஷமாக அவன் கூப்பிடுவதும் நான் நழுவுவதுமாக இருந்தது. இப்போது ஒரு அட்டை தீர்ப்புச் சொல்லப்போகிறது. இந்த அறையும் விடியற்காலைக் குளத்துக் காற்றும் மெஸ்ஸில் மலைபோல் குவிந்த காயும் எல்லாம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

அவள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில், "புகையிலை, பான், மூக்குப்பொடி ஏதாவது உண்டா?"

மகன் என்னைப் பார்த்தான். இடுப்பில் செருகிய சுருக்குப் பைக்குள் பொட்டலம் இருந்தது. "இல்ல" என்றேன்.

பிறகு தீப்பெட்டி அளவு ஒரு கருவியை எடுத்தாள். ஏழு நாள் உடம்பிலேயே இருக்க வேண்டும், நடக்கிறதையும் தூங்குகிறதையும் அதுவே எண்ணிக்கொள்ளும், குளிக்கும்போது மட்டும் கழற்றலாம் என்றாள். என் மணிக்கட்டில் வளையலுக்கும் எலும்புக்கும் நடுவே அது நிற்கவில்லை. வலது கணுக்காலில் கட்டிவிட்டுப் போனாள்.

அந்த ஏழு நாளும் எனக்கு இன்னொரு உயிரோடு இருப்பது போல இருந்தது. படுத்தால் அது விழித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் கனவில் அவரோடு சாந்தோம் கடற்கரையில் நடந்தேன். ஈர மணலில் அவருடைய தடத்துக்குள் என் பாதத்தை வைத்து வைத்துப் போனேன். கடல் சத்தமே இல்லாமல் வந்து வந்து திரும்பியது. எழுந்ததும் முதலில் காலைத்தான் பார்த்தேன். அவ்வளவு தூரம் நடந்தேனே, அதையும் எண்ணியிருக்குமோ?

உண்மையான நடை எனக்குக் கோயிலில்தான். நடை திறந்ததும் போய்விடுவேன். பிரகாரத்தைச் சுற்றிச் சுற்றி வருவேன். எத்தனை சுற்று என்று எண்ணுவதில்லை. கல் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும், புறா சிறகடிக்கும், விபூதி வாசனையில் பாதித் தூக்கம் மாதிரி ஆகிவிடும். கிழக்கே வெயில் விழுந்ததும் நிறுத்திவிட்டு மெஸ்ஸுக்குப் போவேன். அங்கே போனால் மத்தியானம் வரை உட்கார்ந்த இடம்தான்.

அந்த வாரமும் ஒருநாள் விடாமல் சுற்றினேன். பத்து நாள் கழித்து அந்தப் பெண் அட்டையோடு வந்தாள். நான் தனியாகத்தான் இருந்தேன். நடைக் கட்டம் சிவப்பு. தூக்கமும் சாப்பாடும் மஞ்சள். கீழே பெரிய கட்டமும் சிவப்பு.

"நீங்க நடக்கறதே இல்லியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். "உங்க வயசுக்கு இது ரொம்பக் கம்மி."

நங்கநல்லூர் ஃப்ளாட்டின் இரும்புக் கேட் கண்ணுக்குள் வந்து நின்றது. பேசாவிட்டால் இந்தச் சிவப்பு இப்படியே போய்விடும்.

"கோயில்ல சுத்துவேம்மா. தெனமும். ரொம்ப நேரம்."

"அது இதுல வரலியே?"

"அது... கால்ல கட்டினது ஆச்சே. கால்ல இருக்கறதோட சாமிகிட்ட எப்டிப் போறது? கழட்டிச் செருப்புக்குள்ள வச்சிட்டு, டோக்கன் வாங்கிக்கினு போய்டுவேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதான், தினம் காலைல ஒரே நேரத்துல மெஷின் அசையாம கெடக்குது. நீங்க தியானம் பண்றீங்கன்னு நெனச்சேன்!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னொரு வாரம் கட்டுங்க. இந்த வாட்டி நாடா போட்டு இடுப்புல கட்டிடறேன்."

"இடுப்புல இருந்தா சாமி கோச்சுக்காதா?"

"இடுப்புல சாவி இல்லாம எந்த அம்மா கோயிலுக்கு வர்றாங்க? அதுக்கெல்லாம் கோச்சுக்கலியே!"

நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "நல்லவேளை சொன்னீங்க. இது உங்களோட மட்டும் போறதில்லம்மா. உங்கள மாதிரி நெறைய பேரோட கணக்கோட சேரும். தப்பாப் போயிருந்தா அந்த மொத்தக் கணக்குலயும் கொஞ்சம் தப்பு கலந்திருக்கும்."

அது என்னை உறுத்தியது. என் நடையை உண்மையாக எழுதிக்கொள் என்று கேட்டுவிட்டு, இன்னொன்றை மட்டும் இடுப்பில் ஒளித்து வைத்திருக்கிறேன். அவள் விரல் பக்கத்திலேதான் சுருக்குப் பை இருந்தது.

"போயிலை போடுவேன்" என்றேன். "எங்க வீட்டுக்காரரு செத்துப் போன வருஷத்துலேர்ந்து. கூடக் காய் நறுக்கற பொம்பள குடுத்துப் பழகிடுச்சு. எம்புள்ளைக்குத் தெரியாது."

அவள் டேப்லெட்டில் எதையோ அழித்து, எதையோ தொட்டாள்.

இரண்டாவது அட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகன்தான் கையை நீட்டி வாங்கினான். நடை பச்சை. தூக்கம் பச்சை. எடை பச்சை. சாப்பாடு மஞ்சள், ஊறுகாயும் அப்பளமும் அதிகமாம். புகையிலை நல்ல சிவப்பு. கீழ்க் கட்டம் மஞ்சள். அவன் போட்ட ஒப்பந்தத்தில் மஞ்சள் என்று ஒன்று இல்லவே இல்லை.

"போயிலையா? யம்மா! நைனாவ அப்டித் தூக்கிக் குடுத்துட்டு, நீ இதப் போட்டுக்கினு குந்திக்கினு கீறியா? போதும். கெளம்பு."

அவன் குரல் உடைந்திருந்தது. கோபம் மட்டும் என்றால் நான் பேசாமல் கிளம்பியிருப்பேன்.

"அங்க வந்தா எங்கடா நடப்பேன்?" என்றேன். "லிஃப்ட்ல ஏறணும், லிஃப்ட்ல எறங்கணும், டிவி முன்னால குந்தணும். இந்தப் பச்ச போயிடும். பேச்சுத் தொண இல்லாம போயிலை ரெண்டு மடங்காவும். அப்போ அந்தக் கட்டம் இன்னா கலர்னு நீயே சேத்துப் பாரு."

அவனிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை.

"அம்மா சொல்றது சரிதான் சார்" என்றாள் அந்தப் பெண். "ஒண்ண மாத்துனா மத்ததும் மாறும்."

"நீங்க வேற ஏத்தி வுடாதீங்க மேடம்" என்றான். ஆனாலும் அட்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். அப்புறம் என் முன்னால் உள்ளங்கையை நீட்டினான். நான் சுருக்குப் பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"ஆறு மாசம் கழிச்சு மறுபடி வருவாங்களாம். அதுல இந்தச் சேப்பு போயிருந்தா இங்கியே இரு. இல்லாட்டி வாசல்ல ஆட்டோ நிக்கும்."

இது நாலாவது மாசம். புகையிலையை விட்ட முதல் வாரத்தில் தலை கனத்தது. பிரகாரத்தில் தூண்கள் மெல்ல நகர்வது போல இருந்தது. ஒரு தடவை தோற்றுப்போய் ஒரு சிட்டிகை போட்டும் விட்டேன். அதை அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டாள்.

நேற்று மெஸ்ஸில் பக்கத்தில் நறுக்குகிறவள் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள்.

"வேணாம்" என்றேன்.

"இன்னும் அந்தக் கட்டந்தானா? சரிக்கா, அந்தப் பொண்ணாண்ட என் பேரையும் எழுதச் சொல்லு. ஆனா நான் இதெல்லாம் தொடறதே இல்லன்னு சொல்லிடு, இன்னா?"

"பேரு சொல்றேன். அத மட்டும் சொல்ல மாட்டேன்."

"அடிப்பாவி, பேச வேற கத்துக்கினியா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு சிட்டிகை அதக்கிக்கொண்டாள்.

வாசனை வந்தது. நாக்கு தானாகவே கன்னத்து ஓரத்துக்குப் போய்த் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. நான் அடுத்த பூசணித் துண்டை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தேன்.